குவாலிஸும் ரெண்டு பேரிங்கும் பின்னே பொன்முடி இறக்கமும்

டிஸ்கி: இது முழுக்க முழுக்க வண்டி ரிப்பேர் பதிவு. கவிதை, காதல், சினிமா எதிர்பார்த்து வந்த மக்கள் இப்பமே அப்பீட் ஆகிக்கலாம். படிச்சுட்டு நீங்களா வீலைக் கழட்டி ஏதாச்சும் ஏடாகூடம் ஆச்சுன்னா கம்பெனி பொறுப்பில்ல :-)

நமக்குப் பொழப்பு பொட்டி தட்டுறது. வாரத்துல மூணு நாள் திருவனந்தபுரம் டெக்னோபார்க்ல ஆணி, மிச்சம் ரெண்டு நாள் நாகர்கோவில் வீட்டு மாடியில உக்காந்து அதே ஆணி. ஆனா படிச்சது மெக்கானிக்கல் இஞ்சினியரிங். அதை வெளிய சொன்னா ஊர்ல யாராச்சும் மிக்ஸியைத் தூக்கிட்டு வந்துருவாங்கன்னு பயந்தே நாலு வருஷம் ஓட்டியாச்சு.

எங்க வீட்ல ஒரு டொயோட்டா குவாலிஸ் இருக்கு. 2003 மாடல். எஸ்யூவின்னு சொன்னா இப்பத்த பசங்க சிரிப்பானுவ, ஆனா எங்க தெருவுக்கு அதுதான் எஸ்யூவி. இந்தோனேஷியாவுல கிஜாங்னு ஓடிட்டிருந்த வண்டி, 2000ல நம்ம ஊருக்கு குவாலிஸ்னு பேர் மாத்தி வந்தது, 2005ல இன்னோவாவுக்கு இடத்தை விட்டுட்டுப் போயிடுச்சு. அப்பாவுக்கு நேந்திரங்காய் சிப்ஸ் வியாபாரம். காலையில பின் சீட்டை மடக்கிட்டு அப்டா மார்க்கெட்ல இருந்து வாழைக்குலை ஏத்திட்டு வரும், சாயங்காலம் அதே சீட்டை நிமித்தி எங்களை ஏத்திட்டு கல்யாண வீட்டுக்குப் போகும். நானெல்லாம் வாழைக்கறை பட்ட சட்டையோட வளர்ந்த பையன். ஓடோமீட்டர் 3,87,000 காட்டுது. நடுவுல கேபிள் அறுந்து ஒரு ஆறு மாசம் ஓடாம கெடந்துச்சு, அந்தக் கணக்கு தனி.

ரெண்டு வருஷமா அப்பாவுக்குக் கை நடுங்குது. டாக்டர் வண்டி ஓட்ட வேண்டாம்னுட்டார். அதுல இருந்து ஸ்டியரிங் என் கையில, அப்பா பக்கத்து சீட்ல.

அந்த சீட்ல உக்காந்த நாள்ல இருந்தே ஒரு பாட்டு: "லேய் மக்கா, ஒரு சத்தம் கேக்குல்லா?"

கேட்டுச்சு. அறுபதைத் தாண்டுனா ஊஊஊன்னு ஒரு முனகல். நான் "டயர் சத்தம்ப்பா"ன்னு சொல்லிட்டு பாட்டு சவுண்டைக் கூட்டி வச்சிருவேன். ஒரு தடவை ரெண்டு தடவை இல்ல, ஒரு வருஷத்துக்கு மேல. பார்வதிபுரம் மேம்பாலத்துல வலது பக்கமா வளையும்போது சத்தம் கூடும், இடது பக்கம் வளைஞ்சா கொறையும். வலது பக்கம் திரும்பினா வண்டியோட பாரம் இடது சக்கரத்து மேல சாயும், அப்ப சத்தம் கூடினா இடது வீல் பேரிங் காலின்னு அர்த்தம். இதை எனக்கு வாத்தியார் ஒருத்தரும் சொல்லித் தரணும்னு இல்ல, யோசிச்சாலே வரும். யோசிக்கல. அவ்ளோதான்.

போன மே மாசம் பொன்முடி போனோம். அப்பா, அம்மா, அக்கா, அத்தான், அவங்க ரெண்டு வாண்டுகள், சித்தி, நான். மொத்தம் எட்டு உருப்படி, கூடவே அம்மா கட்டின புளிசாதம் ஒரு தூக்குவாளி. நெடுமங்காடு, விதுரா வழியா கல்லாறு தாண்டினா 22 கொண்டை ஊசி வளைவு. ஏறுறப்ப ஒரு பிரச்சினையும் இல்ல. மஞ்சு மூடி சூப்பரா இருந்துச்சு, வாண்டுகள் குதிச்சுதுங்க, போட்டோ எடுத்தோம், எல்லாம் வழக்கம்போல.

இறங்கும்போதுதான் ஏழரை.

மூணாவது வளைவுலயே பிரேக் மிதிச்சா ஸ்டியரிங் கையில நடுங்க ஆரம்பிச்சுச்சு. எனக்கு வேகமா இறங்கிப் பழக்கம், மூணாவது கியர்லயே விட்டுட்டு பிரேக்கை மிதிச்சு மிதிச்சு வந்தேன். ஏழெட்டு வளைவு தாண்டினதும் ஒரு கருகின வாடை. அம்மா "யாரோ குப்பையைக் கொளுத்துகானுவ"ன்னாங்க. அடுத்த வளைவுல மிதிச்சேன்... பெடல் பஞ்சு மாதிரி உள்ள போகுது. வண்டி நிக்கல. முன்னாடி வளைவு, அதுக்கு அந்தப் பக்கம் வெறும் மஞ்சு.

அப்பா கத்தல. ரொம்ப சாதாரணமா, சாயா வேணுமான்னு கேக்குற குரல்ல, "கியரை ரெண்டாவதுல போடு. பெடலை விட்டு விட்டு மிதி. ஹேண்ட் பிரேக்கை பைய இழு"ன்னாங்க. போட்டேன். இஞ்சின் அலறிச்சு. நாலாவது மிதில கொஞ்சம் பெடல் திரும்பி வந்துச்சு. மலைப்பக்கமா ஒரு அகலமான எடத்துல ஒதுங்கி நின்னோம். பின்னாடி வாண்டுகளுக்கு ஒண்ணுமே தெரியாது, அந்தாக்ஷரி ஓடிட்டிருந்துச்சு. அக்காவுக்கு மட்டும் கண்ணாடியில என் மூஞ்சியைப் பாத்துத் தெரிஞ்சுபோச்சு.

இறங்கிப் பார்த்தா முன் சக்கரம் ரெண்டும் கொதிக்குது. அத்தான் நல்ல மனசுல தண்ணி பாட்டிலோட ஓடி வந்தார் ஊத்த. அப்பா கையைப் புடிச்சு நிறுத்திட்டாங்க. பழுக்கக் காஞ்ச இரும்புல பச்சைத் தண்ணி ஊத்தினா டிஸ்க் வெடிக்கலாம், கோணலாம். காத்துல தானா ஆறணும். முக்கால் மணி நேரம் அங்கயே நின்னு புளிசாதம் சாப்பிட்டோம். எனக்கு எறங்கல.

அன்னிக்கு ராத்திரி தூக்கம் வராம ஒரு கணக்கு போட்டேன் (இஞ்சினியர்லா!). வண்டி, ஆளுக, புளிசாதம் எல்லாம் சேத்து 2,200 கிலோன்னு வையுங்க. ஆயிரம் மீட்டர் கீழ இறங்குது. அந்த ஆற்றல் சுமார் 21 மெகா ஜூல். அதை வச்சு எழுபது லிட்டர் தண்ணியை 30 டிகிரில இருந்து கொதிக்க வைக்கலாம். அஞ்சு குடம்! கீழ் கியர்ல வந்தா அதுல பெரும்பங்கை இஞ்சின் வாங்கிக்கும். நான் வந்த லட்சணத்துக்கு ஏறக்குறைய எல்லாத்தையும் நாலு சக்கரத்து பிரேக் தலையில, அதுலயும் முன்னாடி இருக்க ரெண்டு டிஸ்க் தலையில கட்டியிருக்கேன்.

பெடல் ஏன் பஞ்சாச்சுன்னா அது பிரேக் ஆயில் விஷயம். பிரேக் ஆயில் காத்துல இருக்க ஈரத்தை உறிஞ்சும். புதுசா இருக்கப்ப டாட் 3 ஆயில் 205 டிகிரிக்குக் கொறையாம தாங்கணும், ஈரம் ஏறினதுக்கு அப்பறம் அந்த வரம்பு 140. கொதிச்சா ஆவி. ஆவியை அமுக்கலாம், திரவத்தை அமுக்க முடியாது. அதனால நாம மிதிக்கிறது எல்லாம் குமிழியை அமுக்கவே சரியாப் போகும். ரெண்டு வருஷத்துக்கு ஒருதடவை மாத்தணும்ங்கிற ஆயிலை நாங்க கடைசியா எப்ப மாத்தினோம்னு வீட்ல யாருக்கும் ஞாபகம் இல்ல. ஒக்கி புயலுக்கு முந்தின்னு அம்மா சொல்றாங்க. அது 2017!

மறுநாள் வீட்டு முத்தத்துல முன் பக்கத்தை ஜாக்கி வச்சுத் தூக்கினேன். இடது சக்கரத்தை மேலயும் கீழயும் புடிச்சு ஆட்டினா டக் டக். அத்தானை உள்ள ஏறி பிரேக்கை மிதிச்சுக்கச் சொல்லிட்டு மறுபடி ஆட்டினேன். ஆட்டம் இல்ல. பிரேக் மிதிச்சா ஆட்டம் நின்னுச்சுன்னா பேரிங்தான். மிதிச்சும் ஆடினா பால் ஜாயிண்ட் பக்கம் பாக்கணும்.

முதல்ல பெரிய கண்ணாடி வச்ச ஒரு சர்வீஸ் சென்டருக்குத்தான் போனேன். டை கட்டின தம்பி வண்டியைச் சுத்தி ஒரு ரவுண்டு வந்தான். "சார், இதுக்கு செலவு பண்றது வேஸ்ட். எக்சேஞ்ச்ல போட்டுருங்க." வண்டிக்கு உள்ள அப்பா உக்காந்திருந்தாங்க. கண்ணாடி எறக்கித்தான் இருந்துச்சு. ஒண்ணும் சொல்லல.

அவன் சொன்னதுல தப்பும் இல்ல. 15 வருஷம் தாண்டின காருக்கு பதிவு புதுப்பிக்கிற கட்டணமே 2022 ஏப்ரல்ல 600 ரூபாயில இருந்து 5000 ஆச்சு. எனக்கே ஒரு சின்ன எலெக்ட்ரிக் வண்டி மேல ஒரு கண்ணு. திரும்பி வர்ற வழியில அப்பாதான் பேச்சை எடுத்தாங்க. "விக்கதா இருந்தா வித்துரு. ஆனா இந்தச் சத்தத்தோட ஒருத்தன் தலையில கட்டாத. நல்லா செஞ்சு குடு." நேரா கோட்டாறு பக்கம் ஒரு பட்டறைக்கு வழி சொன்னாங்க.

பட்டறைன்னா ஒரு புளியமரம், ஒரு தகரக் கொட்டகை, ஒரு ரேடியோ. எல்லாரும் ஆசான்னுதான் கூப்புடுகானுவ. எழுபதை நெருங்கின மனுஷன், அப்பாவுக்குப் பழைய பழக்கம். வண்டியைப் பாத்ததும் "இது இன்னும் சாவலியாவே?"ன்னார் அப்பாகிட்ட. எங்க ஊர்ல இது பாசம், தப்பா நெனைக்காதீங்க :-)

நான் தயங்கித் தயங்கி, ஒரு பக்கம் மட்டும் நானே செய்யட்டுமான்னு கேட்டேன். "செய்யி மக்கா. மெக்கானிக்கல்லா படிச்சிருக்க. வலது பக்கத்தை நான் செய்யுதேன், பாத்துப் பாத்து இடத்தை நீ செய்யி."

இந்த வண்டியில டிஸ்க் தனியா உருவ வராது. ஹப்புக்குப் பின்பக்கமா போல்ட் போட்டிருக்கும். டிஸ்க் மாத்தணும்னா ஹப்பைக் கழட்டணும், ஹப்பைக் கழட்டினா பேரிங் வெளிய வந்துரும். அதனால ரெண்டு வேலையும் ஒரே வேலை. சக்கரம், அப்பறம் கேலிப்பர். கேலிப்பரைக் கழட்டினதும் நான் அதை அப்படியே ஹோஸ்ல தொங்க விடப் போனேன், முதுகுல ஒரு தட்டு. "ரப்பர் அந்து போவும்டே." ஒரு கம்பித் துண்டால மேல கட்டித் தொங்க விட்டோம். கிரீஸ் மூடி, ஸ்பிளிட் பின், நட்டு, வாஷர், வெளி பேரிங்... ஹப் கையோட வந்துச்சு.

உள்ள பாத்தா கிரீஸ் சாயா கலர்ல இருக்கு. ஆசான் விரல்ல தொட்டுப் பாத்துட்டு, "வெள்ளத்துல விட்டியா?"ன்னார்.

விட்டேன். 2021 நவம்பர். மாவட்டமே தண்ணியில மிதந்துச்சே, ஞாபகம் இருக்கா? முழங்கால் தண்ணியில ஹீரோ மாதிரி ஓட்டி வந்து வீடியோ எல்லாம் போட்டேன். ஓடி ஓடி சூடா இருக்க ஹப் திடீர்னு தண்ணியில முங்கினா உள்ள இருக்க காத்து சுருங்கும், தேஞ்ச சீல் வழியா தண்ணியை உறிஞ்சும். அந்தத் தண்ணி கிரீஸோட கலந்து, ரோலர்ல துரு புடிச்சு, துரு பொடியாகி, பொடி ரோலரை அரிச்சு... உருளையைக் கழுவிப் பாத்தா அம்மைத் தழும்பு மாதிரி குழி குழியா இருந்துச்சு. ஊஊஊ சத்தம் அதுதான்.

ஒண்ணுல இருந்து ஒண்ணு. பேரிங் ஆடினா டிஸ்கும் கோணலா ஆடும், ஆடுற டிஸ்க் பேடைத் தள்ளி விடும், பெடல் ஆழமாப் போகும். சமமில்லாம தேஞ்ச டிஸ்க் மிதிக்கும்போது நடுங்கும். 2020 லாக்டவுன்ல மூணு மாசம் நகராம கெடந்ததுல பேட் ஒட்டியிருந்த எடம் மட்டும் தனி அச்சா துரு புடிச்சிருந்துச்சு. கடல் எங்க வீட்டுக்கு பத்து கிலோமீட்டர் கூட இல்ல, உப்புக்காத்து சும்மா விடுமா? ஆபீஸ்ல ஒரு பக் வந்தா அஞ்சு தடவை 'ஏன்'னு கேட்டு மூலகாரணம் எழுதச் சொல்வானுவ. இங்க ஒவ்வொரு 'ஏன்'னுக்கும் கடைசில என் பேர்தான் வந்துச்சு. அவ்வ்வ்வ்.

டிஸ்கை லேத்ல குடுத்து கடைஞ்சு போட்டுரலாமான்னு கேட்டேன், காசு மிச்சம்லா. ஆசான் வெர்னியரைக் கையில குடுத்து அளக்கச் சொன்னார். தேஞ்ச டிஸ்க்ல வெளி விளிம்பு மட்டும் தேயாம வரப்பு மாதிரி நிக்கும், சும்மா வெர்னியர் வச்சா அந்த வரப்பைத்தான் அளக்கும். அதுக்கு அவர் ஒரு வழி வச்சிருக்கார்: ரெண்டு பக்கமும் ஒவ்வொரு ரூபாய் நாணயம் வச்சு அளந்து, நாணயத்தோட கனத்தைக் கழிக்கிறது. இதை எங்க மெட்ராலஜி லேப்ல ஒரு மனுஷனும் சொல்லித் தரல! டிஸ்க்லயே குறைஞ்சபட்ச கனம் இவ்வளவுன்னு அடிச்சிருப்பான். எங்களோடது இப்பமே அந்தக் கோட்டைத் தொட்டாச்சு. கனம் கொறைஞ்ச டிஸ்க் சூட்டைத் தாங்காது. புதுசுதான்.

பேரிங் பத்தி ஒரு சின்னக் கொசுவத்தி. இந்த கோணல் உருளை பேரிங், அதான் டேப்பர் ரோலர், ஹென்றி டிம்கன்னு குதிரை வண்டி செஞ்ச ஒருத்தர் 1898ல காப்புரிமை வாங்கினது. நேர் பாரம், பக்கவாட்டுப் பாரம் ரெண்டையும் தாங்கும், அதனால வளைவுல திரும்புற சக்கரத்துக்குத் தோதானது. டிஸ்க் பிரேக்குக்கு இங்கிலாந்துல லான்செஸ்டர் 1902லயே காப்புரிமை வாங்கிட்டார். ஆனா 1953ல லெ மான்ஸ் ரேஸ்ல ஜாகுவார் அதைப் போட்டு ஜெயிச்ச பொறவுதான் உலகம் திரும்பிப் பாத்துச்சு. எங்களுக்குத் தெரிஞ்ச பிரேக் சுசீந்திரம் தேர்ல சக்கரத்துக்கு அடியில முட்டுக்கட்டை போடுறதுதான். ஓடுற தேருக்குக் கட்டை குடுக்குற அந்த ஆளுகளோட கையைப் பாத்திருக்கீங்களா? எனக்கு அதுதான் இன்னும் பெரிய ஆச்சரியம்.

சரி, வேலைக்கு வருவோம். பழைய கப்பை (ஹப்புக்குள்ள இறுக்கமா உக்காந்திருக்க வெளி வளையம்) பித்தளைப் பஞ்ச் வச்சு மாத்தி மாத்தித் தட்டி எடுக்கணும். புதுக் கப்பைப் போட பழைய கப்பையே மேல வச்சுத் தட்டணும். தட்டுறப்ப டிங் டிங்னு கேக்கும், அடியில போய் உக்காந்ததும் சத்தம் கட்டையா மாறும். காதுதான் கேஜ். அப்பறம் கிரீஸ். உள்ளங்கையில ஒரு உருண்டை வச்சு, பேரிங்கோட அகலமான பக்கத்தை அதுல அமுக்கி அமுக்கி, மறுபக்கம் உருளைக்கு நடுவுல கிரீஸ் புழு புழுவா வெளிய வர்ற வரைக்கும். அம்மா இடியாப்பம் புழியிற மாதிரி. பழைய கிரீஸ் கொஞ்சம் கூட மிச்சம் இருக்கக் கூடாது, ரெண்டு வகை கிரீஸ் சில நேரம் ஒத்துப் போகாது. சீல் எப்பவும் புதுசு. புது டிஸ்க் மேல துரு புடிக்காம இருக்க எண்ணெய் தடவி வரும், அதை சுத்தமாத் துடைக்காம பேட் போட்டா பேட் போச்சு.

கடைசி வேலை, நட்டு. ஹப்பைச் சுத்திக்கிட்டே இறுக்கணும், பேரிங் உக்காந்ததும் தளத்தணும், அப்பறம் ரொம்ப லேசா மட்டும் இறுக்கி ஸ்பிளிட் பின் போடணும். லூஸா விட்டா ஆடும், டைட்டா விட்டா எரியும். நான் மொபைல்ல கணக்கு பாத்து, டார்க் ரெஞ்சு வச்சு, நெட்டுருப் போட்ட மாதிரி செஞ்சு முடிச்சேன். ஆசான் அப்பாவைப் பாத்தார். "நீரு பாரும்வே."

அப்பா அதுவரைக்கும் புளியமரத்தடி ஸ்டூல்லதான் இருந்தாங்க. கை மடியில நடுங்கிட்டே இருக்கு. எழுந்து வந்து, குத்த வச்சு, இடது கையை நக்கிள் மேல வச்சாங்க, வலது கையால ஹப்பைப் பையச் சுத்தினாங்க. அப்பா கை சும்மா இருக்கப்பத்தான் அதிகம் நடுங்கும், எதையாச்சும் புடிச்சா கொறையும். அன்னிக்கு நடுக்கமே இல்ல. கண்ணை மூடிட்டு ரெண்டு சுத்து.

"லேசா டைட்டு. ஒரு பொடி தளத்து."

தளத்தினேன், நட்டுல அடுத்த காடி பின் ஓட்டைக்கு நேரா வர்ற அளவுக்கு. மறுபடி சுத்தினாங்க. தலையாட்டினாங்க. புதுப் பின் போட்டு மடக்கினேன். ஆசான் ஒண்ணும் பேசாம சாயா சொல்லி விட்டார்.

பிரேக் ஆயிலை மொத்தமா மாத்தி, காத்தெடுத்து முடிக்க சாயங்காலம் ஆச்சு. மொத்த பில்லு, கூலியோட சேத்து, பதினோராயிரத்துச் சொச்சம். குஷில சாவியைப் போட்டு நான் ரிவர்ஸ் எடுக்கப் போனா ஆசான் பானட்டுல ஓங்கி ஒரு அடி. "பெடலை மிதிச்சியால?" புது பேட் போட பிஸ்டனை உள்ள தள்ளியிருப்போம். முதல் நாலஞ்சு மிதி காத்துல போகும், பேட் வந்து டிஸ்கைத் தொடுற வரைக்கும் பிரேக்கே கெடையாது. பின்னாடி அப்பா நின்னுட்டிருந்தாங்க. இதை எழுதும்போது கூட வயித்துல ஒரு மாதிரி இருக்கு. மக்களே, நீங்க என்ன மறந்தாலும் இதை மறக்காதீங்க, நகர்றதுக்கு முன்னாடி பெடலை மிதிங்க.

அன்னிக்கு ராத்திரி நானும் அப்பாவும் ஆரல்வாய்மொழி ரோட்டுக்குப் போனோம். புது டிஸ்கும் பேடும் பழகணும். ஐம்பதுல இருந்து பத்து வரைக்கும் பதமா பிரேக், நிறுத்தாம மறுபடி வேகம், நடுவுல ஆறவிட்டு, பத்து தடவை. காத்தாடி எல்லாம் இருட்டுல விர் விர்னு சுத்துது, கணவாய்க் காத்து வண்டியைப் பக்கவாட்டுல தள்ளுது. முப்பந்தல்ல நிறுத்தி இறங்கி ஹப்பைத் தொட்டுப் பாத்தோம். ரெண்டு பக்கமும் ஒரே மாதிரி இளஞ்சூடு.

திரும்பி வரச்சில எழுபதுல போறேன். ஊஊஊ இல்ல. பாட்டு போடல. அஞ்சு நிமிஷம் ரெண்டு பேரும் ஒண்ணும் பேசல.

"வண்டியை எப்பம் விக்கப் போற?"ன்னாங்க அப்பா.

"பாப்போம்ப்பா."

தோவாளை தாண்டும்போது தலையைச் சாய்ச்சு, "லேய் மக்கா, பின்னாடி ஒரு சத்தம் கேக்குல்லா?"ன்னாங்க.

கண்ணாடியை எறக்கிட்டு வேகத்தைக் கொறைச்சேன். பள்ளத்துல விழும்போது மட்டும், இடது பக்கம் பின்னாடி, பட்டையில இருந்து கிரீச்னு.

"கேக்குதுப்பா"ன்னேன்.